அந்த மூன்று மீட்டர் குழாய்

மில்வாக்கி,
நவம்பர் 9

அன்புள்ள செல்வராசு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். இங்கே குளிர் இறங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் சுகம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன், உன் வீட்டு பீர்க் குழாயைக் கழுவும் விஷயம். மூன்று வாரமாக வீட்டில் காய்ச்சும் உன் பில்ஸ்னர் பீரில் வெண்ணெய் வாடை அடிக்கிறது, முதல் கிளாஸில்தான் அதிகம், கெக்கையே, அதாவது பீர் நிற்கும் எஃகுக் கலத்தையே, கொட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொட்டாதே. முதலில் ஒரு சோதனை செய். கடையில் கிடைக்கும் சாதாரண பிக்னிக் டேப் (கையில் பிடித்து அழுத்தும் சிறிய பிளாஸ்டிக் டேப்) ஒன்றைப் புதுக் குழாயோடு கெக்கில் மாட்டி ஒரு கிளாஸ் பிடி. வழக்கமான டேப்பில் முதல் மடக்கை மட்டும் தனியாக இன்னொரு கிளாஸில் பிடி. இரண்டிலும் அதே வாடை என்றால் குறை நொதித்தலில் இருக்கிறது. அது வேறு கதை. பிக்னிக் டேப்பில் வந்தது சுத்தமாக இருந்தால் கெக்கில் குற்றம் இல்லை, குழாயில்தான். உன் லைன், அதாவது கெக்கிலிருந்து டேப்புக்குப் போகும் வினைல் குழாய், உள்விட்டம் 3/16 அங்குலம், நீளம் மூன்று மீட்டர் என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் நிற்கும் பீர் 53 மி.லி.தான், கால் டம்ளர். அந்தக் கால் டம்ளர் இரவெல்லாம் அழுக்குக் குழாயில் ஊறிவிட்டு முதலில் வெளியே வருகிறது. அதனால்தான் முதல் கிளாஸில் வாடை தூக்கலாகவும் அடுத்ததில் குறைவாகவும் இருக்கிறது.

வெண்ணெய் வாடைக்குக் காரணம் டையசெட்டில். குழாயில் அதை உண்டாக்குவது பெரும்பாலும் பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அதற்குக் காற்று அவ்வளவாக வேண்டாம், அதனால் குழாயின் உள்ளேயே குடியிருக்கும். காடி வாடை வந்தால் அது அசெட்டோபாக்டர். அதற்குக் காற்று வேண்டும் என்பதால் டேப்பின் வாயில்தான் தேட வேண்டும். இரண்டும் ஈஸ்ட்டோடும் புரதத்தோடும் சேர்ந்து, நாலு நாள் கழுவாத தண்ணீர்க் குடத்தின் உட்புறம் வழவழக்குமே, அப்படி ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். வெறும் தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் அந்தப் படலம் போகாது.

குழாயில் இரண்டு வகை அழுக்கு உண்டு. புரதம், ஹாப் பிசின், ஈஸ்ட், பாக்டீரியாப் படலம் எல்லாம் ஒரு வகை. பீர்ஸ்டோன் என்ற கால்சியம் ஆக்ஸலேட் இன்னொரு வகை. நம் ஊரில் எண்ணெய்ப் பாத்திரத்துக்குச் சாம்பலும் பித்தளைக் குடத்துக்குப் புளியும் போட்டுத் தேய்ப்பார்களே, அதே கணக்குதான். சாம்பல் காரம், பிசுக்கை எடுக்கும். புளி அமிலம், களிம்பை எடுக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. அதனால் வினிகர் ஊற்றிக் கழுவலாமா என்ற உன் கேள்விக்குப் பதில், கூடாது என்பதுதான். படலத்தை அது தொடவே தொடாது. ப்ளீச்சும் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகைக் குளோரின் அரிக்கும், மிச்சம் நின்றால் பீரில் மருந்துக்கடை வாடை வரும். அமிலத்தோடு தப்பித் தவறிக் கலந்துவிட்டால் குளோரின் வாயுவே கிளம்பும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் ஆகாது. அதன் வாசனை வினைலில் ஏறிக்கொள்ளும், பீரின் நுரை நிற்காது.

கழுவும் கருவியை வீட்டில் செய், கழுவும் மருந்தை மட்டும் கடையில் வாங்கு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உன் ஊர்த் தண்ணீர். சான் அன்டோனியோவில் வருவதில் பெரும்பகுதி எட்வர்ட்ஸ் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து எடுக்கும் கடின நீர். வெறும் காஸ்டிக் சோடாவை அதில் கரைத்தால் தண்ணீர் பால்போல் கலங்கி, சுண்ணாம்பு வெண்பொடியாக இறங்கும். அது குழாயின் உட்சுவரில் படிந்தால் கழுவிய பிறகு பீர் முன்பைவிட அதிகமாக நுரைக்கும், ஏனென்றால் சொரசொரப்பான இடத்தில்தான் கரியமில வாயு குமிழாகப் பிரியும். பீர் லைனுக்கென்று விற்கும் காரத் திரவத்தில் கால்சியத்தைப் பிடித்து வைக்கும் பொருளும், எளிதில் அலசிப் போக உதவும் பொருளும் கலந்திருக்கும். காரை ஓட்டிக்கொண்டுபோய் ஒரு பாட்டில் வாங்கினால் பல தடவைக்கு வரும். வாசனையில்லாத சலவைப் பொடியான ஆக்ஸிகிளீன் ஃப்ரீயோடு மெட்டாசிலிகேட் என்ற காரப் பொடியை 70-க்கு 30 என்ற விகிதத்தில் கலந்து சொந்தமாகப் பொடி தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். கெக்கையும் நொதிப் பாத்திரத்தையும் ஊறவைக்க அது நன்றாகவே வேலை செய்யும். மெல்லிய குழாய்க்கு நான் சொல்ல மாட்டேன். கரையாத பொடி, லைனைக் கெக்கில் மாட்டும் டிஸ்கனெக்ட்டின் ஊசியில் அடைக்கும், கடின நீரில் அதுவும் வெள்ளையாகப் படியும். அது ஆக்ஸிஜனை விட்டுக்கொண்டே இருப்பதால் மூடிய பாட்டிலில் வைத்தால் அழுத்தம் ஏறி வெடிக்கவும் கூடும்.

இப்போது கருவி. 8 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று. தோட்டத்து நீரூற்றுக்கு விற்கும் சிறிய நீர்மூழ்கி பம்ப் ஒன்று. பம்ப் வாங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே, எவ்வளவு உயரம் தள்ளும் என்பதைப் பார். 2 மீட்டராவது தள்ள வேண்டும். மீன்தொட்டியில் போடும் 1 மீட்டர் பம்ப் உன் 3/16 குழாயில் திணறி நிற்கும். 2 மீட்டர் பம்ப் என்றால் அந்த மூன்று மீட்டரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர் போகும். அப்போது குழாய்க்குள் வேகம் வினாடிக்குக் கிட்டத்தட்ட 1 மீட்டர். அந்த வேகத்தில் தண்ணீர் நேராக வழுக்கிப் போகாமல் சுழித்துக்கொண்டு ஓடும், படலத்தை உரித்து எடுப்பது அந்தச் சுழிப்புதான். மாட்டி முடித்ததும் அளவுக் குவளையில் 30 வினாடி பிடித்துப் பார். அரை லிட்டருக்குப் பக்கத்தில் வந்தால் சரி. பாதிகூட வரவில்லை என்றால் எங்கோ அடைப்பு, அல்லது பம்பில் காற்று நிற்கிறது. தண்ணீருக்குள்ளேயே பம்பைச் சாய்த்து ஆட்டினால் காற்று வெளியேறும்.

பம்பையும் லைனையும் இணைப்பதில்தான் புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுகிறார்கள். உன் பால்லாக் (அழுத்தி மாட்டும் வகை) டிஸ்கனெக்ட் தானாகத் திறக்காது. கெக்கின் மேலே நிற்கும் போஸ்ட் என்ற முனை உள்ளே போய் அதன் ஊசியை அழுத்தினால்தான் வழி விடும். அதற்குப் பம்ப் முனையிலும் ஒரு போஸ்ட் வேண்டும். சோடா பாட்டிலில் திருகும் கார்பனேஷன் மூடியை எஃகில் வாங்கு. மேலே பால்லாக் போஸ்ட் வடிவம் இருக்கும், அடியில் குழாய் செருகும் முனை இருக்கும். பாட்டிலை மறந்துவிட்டு, பம்பிலிருந்து வரும் குழாயை அந்த அடிமுனையில் செருகிக் கிளாம்ப் போட்டு இறுக்கு. மேலே டிஸ்கனெக்ட்டை மாட்டினால் வேலை முடிந்தது. அடிமுனையின் தடிமன் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மூடி கைக்கு வந்து அளந்த பிறகு குழாய் வாங்கு. பம்ப் வாய் பெரிதாக இருக்கும், நடுவில் அளவைக் குறைக்கும் ஒரு பிளாஸ்டிக் ரெட்யூசர் தேவைப்படும்.

உனக்கு இரண்டு டேப். டி வடிவ இணைப்புப் போட்டு இரண்டு லைனுக்கும் ஒரே நேரத்தில் பிரித்து அனுப்பலாம் என்று தோன்றும். செய்யாதே. தண்ணீர் எப்போதும் தடை குறைந்த வழியில்தான் போகும். சுத்தமான லைனில் நிறையப் போய், அழுக்கான லைனில் சொட்டும். இன்னொரு மூடி வாங்கி வரிசையாக மாட்டு. முதல் லைனின் முடிவிலிருந்து வரும் குழாயை இரண்டாவது மூடியின் அடிமுனையில் செருகி, இரண்டாவது லைனின் முடிவிலிருந்து வாளிக்குத் திருப்பு. ஓட்டம் கொஞ்சம் குறையும், அதனால் 3 மீட்டர் தள்ளும் பம்பாக வாங்கினால் நிம்மதி. இல்லையென்றால் ஒவ்வொன்றாகக் கழுவு, 15 நிமிடம்தான் கூடுதல்.

கழுவும் முறை இது. முதலில் டேப்பின் கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள். மருந்து ஓடும்போது யாராவது கிளாஸோடு வந்து திறந்துவிடக் கூடாது. காரம் தொண்டையைச் சுடும், அது சின்னக் காயம் அல்ல. கெக்கைப் பிரித்து, வெறும் தண்ணீரை ஓட்டி லைனில் உள்ள பீரை வெளியே தள்ளு. மருந்து ஓட்டும் முன் டேப்பைக் கழற்றிவிடு, எப்படி என்று கீழே சொல்கிறேன். பிறகு வாளியில் 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 40 டிகிரி செல்சியஸ். கை பொறுக்கும் சூடுதான். அமெரிக்க பீர்த் தயாரிப்பாளர் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் பார்களுக்குச் சொல்லும் வரம்பு 27 முதல் 43 டிகிரி வரை. அதற்கு மேல் போனால் வினைல் இளகி வளைவில் மடிந்துகொள்ளும், அந்த மடிப்பு பிறகு நிரந்தரமாக நுரை தள்ளும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த சாதாரண லைன் கிளீனர் என்றால் லிட்டருக்கு 15 மி.லி., ஆக 60 மி.லி. உன் பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்று. தண்ணீரில் மருந்தை ஊற்று, மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றாதே. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எல்லாவற்றையும்விடக் கண்ணாடி முக்கியம், ஏனென்றால் டிஸ்கனெக்ட்டைக் கழற்றும் நொடியில்தான் தெறிக்கும். பம்பின் வயரை ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு வந்தால் தானே அணையும்) சாக்கெட்டில் மட்டும் செருகு. 15 நிமிடம் சுற்ற விடு.

வாளி அலுமினியமாக இருக்கக் கூடாது, லைனில் எங்கும் அலுமினியத் துண்டு இருக்கக் கூடாது. காரம் அதைக் கரைத்து ஹைட்ரஜனை விடும்.

பம்ப் வேண்டாம், பாட்டிலில் மருந்தை ஊற்றி சிலிண்டர் வாயுவாலேயே தள்ளிவிடலாமே என்று எழுதியிருந்தாய். மாப்ள, இதைக் கவனமாகப் படி. காரமும் கரியமில வாயுவும் சேரக் கூடாத ஜோடி. காஸ்டிக் அந்த வாயுவை விழுங்கிக் கார்பனேட்டாக மாறிவிடும். கணக்குப் போட்டுப் பார்: 2 சதவீதக் காஸ்டிக் கரைசல் 1 லிட்டரில் 20 கிராம் சோடா இருக்கிறது. அதை முழுக்கக் கார்பனேட்டாக்க 11 கிராம் வாயு போதும். அறை வெப்பத்தில் அது சுமார் 6 லிட்டர் இடம் பிடிக்கும் வாயு. அவ்வளவும் கரைசலுக்குள் மறைந்துபோகும். ரெகுலேட்டர் திறந்திருக்கும் வரை புது வாயு வந்துகொண்டே இருப்பதால் ஒன்றும் தெரியாது. மருந்து மட்டும் உள்ளுக்குள்ளே வலுவிழந்துகொண்டிருக்கும். வாயுவை மூடினதும் பாட்டில் தானாகச் சப்பிப்போகும். பெரிய ப்ரூவரிகளில் வாயு நிறைந்த டேங்குக்குள் காஸ்டிக்கைப் பாய்ச்சி, எஃகு டேங்கே உட்பக்கமாக நசுங்கிப்போவதும் இதனால்தான். கடைசி அலசலுக்கும் சானிடைசருக்கும் வாயுவைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. காரத்துக்கு மட்டும் காற்று அல்லது பம்ப்.

பம்ப் இல்லாமல் செய்தே ஆக வேண்டும் என்றால் 4 லிட்டர் கைப்பம்ப் ஸ்ப்ரேயர் ஒன்று புதிதாக வாங்கு. பூச்சிமருந்து ஒருமுறை தொட்டதை எந்தக் காரணத்துக்கும் எடுக்காதே. தெளிக்கும் குச்சியை வெட்டிவிட்டு, அந்தக் குழாயை அதே கார்பனேஷன் மூடியில் மாட்டு. பத்துப் பதினைந்து முறை அடித்து லைனை நிரப்பி டேப்பை மூடு. சுழற்சி இல்லாததால் நேரம் 20 நிமிடம். நடுவில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டேப்பைத் திறந்து ஒரு மடக்கு வெளியே விட்டுப் புது மருந்தை உள்ளே இழு. நின்ற மருந்து தொட்ட இடத்து அழுக்கிலேயே செலவாகிவிடும். முடிந்ததும் ஸ்ப்ரேயரையும் அலசி வை, அதன் வாஷர் காரத்தில் ஊறினால் சீக்கிரம் போய்விடும்.

லைன் ஓடிக்கொண்டிருக்கும் 15 நிமிடத்தைச் சும்மா விடாதே. வாடையில் ஒரு பங்கு டேப்பிலிருந்தும் வரும். நான் சொல்வது, லைன் ஓடும்போது டேப் அதில் இருக்கவே வேண்டாம். டேப்பைக் கழற்றி, ஷாங்க்கில் (டேப்பைத் தாங்கும் திருகுக் குழலில்) குழாய் மாட்டும் அடாப்டரைப் போட்டு மருந்தை வாளிக்குத் திருப்பு. கழற்ற அதற்கென்று உள்ள கொக்கி ஸ்பேனர் வேண்டும். எதிரே நின்று பார்த்தால் வளையத்தைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கமான நட்டு என்று நினைத்து மறுபக்கம் பலம் கொடுத்தால் ஷாங்க்கே சேர்ந்து சுற்றி, பின்னால் லைன் முறுக்கிக்கொள்ளும். உன்னுடையது பின்புறம் அடைக்கும் பழைய மாதிரி என்று நினைக்கிறேன். அதில் ஒவ்வொரு முறை பிடித்த பிறகும் வாய்க்குழல் காற்றில் திறந்தபடி நிற்கும், பீர் காய்ந்து பசையாகும், ஈக்களும் வரும். நெம்புகோல், தண்டு, வாஷர், ஓ-ரிங் எல்லாம் தனித்தனியாகப் பிரித்து, அதே கரைசலில் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் உள்ளே தேய். வாய்க்குழலில் காற்றுக்கு விட்டிருக்கும் சிறு துளைகளை மறக்காதே. பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். டேப்பைக் கழற்றாமல் அதன் வாயிலேயே குழாயைச் செருகி ஓட்டுபவர்கள் இந்தத் துளைகளை மறந்துவிட்டு முகத்தில் காரத்தை வாங்கிக்கொள்கிறார்கள். குரோம் பூசிய பித்தளை டேப்பாக இருந்து உள்ளே குரோம் தேய்ந்திருந்தால் மாற்றிவிடு. பீரும் அமிலமானது, செம்பை இழுத்துக்கொண்டு நாக்கில் உலோகச் சுவை தரும். முன்புறம் அடைக்கும் எஃகு டேப்புக்குச் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

டிஸ்கனெக்ட்டையும் மேல்மூடியைத் திருகிப் பிரி. உள்ளே ஸ்பிரிங்கும் ஊசியும் இருக்கும். தட்டு வைத்துக்கொண்டு பிரி, ஸ்பிரிங் தெறித்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அலசும்போது தண்ணீரைச் சுற்ற விடாதே, நேராகச் சாக்கடைக்கு விடு. சுற்ற விட்டால் மருந்தையேதான் நீர்த்துக்கொண்டிருப்பாய். பம்பைக் கழுவி, வாளியை இரண்டு முறை குளிர்ந்த தண்ணீரால் நிரப்பி முழுக்க ஓட்டு. லைனின் கொள்ளளவுக்கு இது மிக அதிகம்தான். இணைப்புகளின் மூலைகளில் ஒளிந்திருப்பதற்காகத்தான் இவ்வளவு. வழவழப்பு போய்விட்டதா என்று விரலால் பார்ப்பது போதாது. பி.எச். தாள் வாங்கு. வெளியே வரும் தண்ணீரும் உன் வீட்டுக் குழாய்த் தண்ணீரும் ஒரே நிறம் காட்ட வேண்டும், 7 வர வேண்டும் என்பதில்லை. உன் ஊர்த் தண்ணீர் இயல்பிலேயே கொஞ்சம் காரப் பக்கம் நிற்கும். பிறகு பாஸ்பாரிக் அமில சானிடைசர், லிட்டருக்கு 1.5 மி.லி., இரண்டு நிமிடம் ஓட்டிக் கெக்கை மாட்டலாம்.

பார்களுக்கு அமெரிக்காவில் சொல்லும் இடைவெளி 14 நாள், பிரிட்டன் பப்களில் வாரம் ஒருமுறை. வீட்டில் ஒவ்வொரு கெக் மாற்றும்போதும் கட்டாயம். ஒரே கெக் நெடுநாள் ஓடினால் அதே இரண்டு வாரத்தைக் கடைப்பிடி. உன் கெஜரேட்டர், அதாவது கெக் வைக்கும் குளிர்பெட்டி, கராஜில் இருக்கிறது. டெக்சாஸ் கோடையில் மேலே டேப்பைத் தாங்கி நிற்கும் டவரில் குளிர் ஏறாது, கிருமிக்கு அது தோதான இடம். கீழிருந்து குளிர்காற்றை டவருக்குள் தள்ள ஒரு கம்ப்யூட்டர் விசிறி வைத்தால் நுரையும் குறையும், வளர்ச்சியும் மந்தப்படும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளியின் முறை. காரம் ஓட்டி நன்றாக அலசிய பிறகு, பாஸ்பாரிக்-நைட்ரிக் கலந்த அமில லைன் கிளீனர், பாட்டிலில் போட்டிருக்கும் அளவில். சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 20 கிராம் போட்டால் உன் ஊர்ச் சுண்ணாம்பு போகும், ஆனால் பீர்ஸ்டோனை அது அவ்வளவாக அசைக்காது. காரத்தையும் அமிலத்தையும் ஒரே வாளியில் சந்திக்க விடாதே. சூடு கிளம்பும், இரண்டும் ஒன்றையொன்று கொன்றுவிடும்.

இவ்வளவு செய்தும் பழைய வாடை தங்கினால் வினைலே அதை உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ரூட் பீர் என்ற வாசனைச் சோடா ஒருமுறை ஓடிய லைனில் பில்ஸ்னர் ஓட்டவே முடியாது. குழாய் மலிவு, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடு. மாற்றும்போது 4 மி.மீ. உள்விட்டம் உள்ள தடுப்புப்படலக் குழாயாக வாங்கு. உட்சுவர் வழுவழுப்பாக இருப்பதால் அழுக்கு ஒட்டுவதும் குறைவு, காற்று புகுவதும் குறைவு. அதன் தடை வேறு என்பதால் நீளத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். வாயு அழுத்தத்தை எத்தனை பி.எஸ்.ஐ.யில் வைத்திருக்கிறாய், கெக்கிலிருந்து டேப் எவ்வளவு உயரம் என்று எழுது. கணக்குப் போட்டு அனுப்புகிறேன். பிக்னிக் டேப் சோதனையில் என்ன வந்தது என்பதையும் மறக்காமல் எழுது.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
முத்துக்குமார்